தாய்வழிப் பயணிகள்

1967ஆம் ஆண்டு ரங்கூனுக்கு வடக்கே ஓக்போ என்ற சின்ன பர்மியக் கிராமத்தில் தினமும் ஆயிரக்கணக்கான கொசுக்களைத் திறந்துவிட்டார்கள். எல்லாமே ஆண் கொசுக்கள். திட்டம் ஹானஸ் லாவன் என்ற ஜெர்மானிய மரபியலாளருடையது. அங்கே யானைக்கால் நோயைப் பரப்பிக்கொண்டிருந்த கியூலெக்ஸ் கொசுவை மருந்து அடிக்காமல், குட்டையில் எண்ணெய் ஊற்றாமல் ஒழிப்பதுதான் நோக்கம். திறந்துவிட்ட ஆண்கள் ஊர்ப் பெண் கொசுக்களோடு சேர்ந்தன. பெண்கள் வழக்கம்போல முட்டையிட்டன. முட்டைகள் பொரிக்கவில்லை. சில வாரங்களில் அந்தக் கிராமத்தில் சேகரித்த முட்டைத் தெப்பங்களில் ஏறக்குறைய எல்லாமே செத்த முட்டைகளாக இருந்தன.

அந்த ஆண் கொசுக்களுக்குக் கதிர்வீச்சும் கொடுக்கவில்லை, ரசாயனமும் கொடுக்கவில்லை. தங்கள் இனப் பெண்ணோடு சேர்ந்தால் நல்லபடியாகக் குஞ்சு பொரிக்கும் ஆரோக்கியமான கொசுக்கள்தான். ஒரே ஒரு விசேஷம். அவற்றின் உட்கரு மரபணுக்கள் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரக் கொசுவிடமிருந்து வந்தவை. உட்கருவுக்கு வெளியே இருக்கும் சைட்டோபிளாசம் பாரிஸ் கொசுவிடமிருந்து வந்தது. அதாவது தாய்வழி பாரிஸ், மற்றதெல்லாம் கலிஃபோர்னியா. அந்தப் பாரிஸ் தாய்வழியில் ஏதோ ஒன்று பர்மியக் கொசுவோடு ஒத்துப்போகவில்லை. அது என்னவென்று லாவனுக்கே அப்போது தெரியாது. தெரியாமலே வேலை செய்ய வைத்துவிட்டார். பொறியியல் படித்தவன் என்பதால் இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சுங்கை சோவில் வளர்ந்தவனுக்குக் கொசு வரலாறு ஒன்றும் புதுசு இல்லை. எங்க பக்கத்துத் தோட்டங்களின் கதையே பாதி கொசுக் கதைதான். 1897இல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்த நாலே வருஷத்தில், 1901இல், மால்கம் வாட்சன் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காட்டை வெட்டி, சதுப்பை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தார். கடலோரத் தோட்டங்களிலும் அதே வைத்தியம் பலித்தது. காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளரும் அனோஃபிலிஸ் அம்ப்ரோசஸ் கொசு, காடு போனதும் போய்விட்டது. அதே வைத்தியத்தை மலையடிவாரத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் கூடியது. காரணம் வேறொரு கொசு. அனோஃபிலிஸ் மாக்குலேட்டஸுக்கு வெயில் படும் தெளிந்த ஓடைதான் வேண்டும். கித்தா நடுவதற்குக் காட்டை வெட்டி, ஓடைமேல் வெயிலை விழவைத்தது நாம்தான். சுங்கை சோ, செரண்டா மாதிரி தித்திவாங்சா மலையின் அடிவாரத்து ஊர்களைப் பார்த்தால் இது புரியும். ஓடையை மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓட்டுவது, எண்ணெய் தெளிப்பது என்று வாட்சன் வேறு வழி தேட வேண்டியிருந்தது. அதற்குள் லயங்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

வாட்சன் காலத்திலிருந்து எழுதப்பட்ட கொசு வரலாறு முழுக்கப் பெண் கொசுவின் வரலாறு. கடிப்பது பெண். நோய் தருவது பெண். ஆண் கொசு பூச்சாறு குடித்துவிட்டுப் போய்ச் சேரும் உபரிப் பாத்திரம். ஓக்போவில் ஓர் ஆண் கொசுக் கூட்டம் மேடைக்கு வந்தது. வந்தபோதும் அது தன் தாய் கொடுத்த சரக்கைத்தான் சுமந்து வந்தது.

அந்தச் சரக்கு என்ன? லாவன் 1950களில் வெவ்வேறு ஊர்களின் கியூலெக்ஸ் கொசுக்களைக் கலந்து பார்த்தவர். சில ஊர் ஆணும் சில ஊர்ப் பெண்ணும் சேர்ந்தால் முட்டை பொரிக்காது. அதையே திருப்பி, இந்த ஊர்ப் பெண்ணையும் அந்த ஊர் ஆணையும் சேர்த்தால் நன்றாகப் பொரிக்கும். பெண்ணை ஓர் ஊரிலிருந்து எடுத்து, தலைமுறைக்குத் தலைமுறை வேறு ஊர் ஆண்களோடேயே சேர்த்துக்கொண்டு போனார். ஐம்பது தலைமுறைக்கு மேல். அதற்குள் உட்கருவில் அந்த முதல் பெண்ணின் மரபணு ஏறக்குறைய மிச்சமே இருக்காது. ஆனால் ஒத்துப்போகாத குணம் மட்டும் அப்படியே இருந்தது. ஆக, அது உட்கருவில் இல்லை. முட்டைக்குள் இருந்து முட்டைக்குள் போகும் ஏதோ ஒன்று. சைட்டோபிளாசத்தின் பரம்பரை என்று எழுதி வைத்தார்.

பதில் அவருக்கு முன்பே அச்சில் இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1924இல் அமெரிக்காவில் மார்ஷல் ஹெர்டிக், பர்ட் வோல்பாக் இருவரும் கியூலெக்ஸ் கொசுவின் சூலகத்தில் ஒரு நுண்ணிய பாக்டீரியாவைப் பார்த்தார்கள். 1936இல் ஹெர்டிக் அதற்கு வோல்பாகியா பிப்பியென்டிஸ் என்று நண்பரின் பெயரையே வைத்தார். யாருக்கும் தீங்கு செய்வதாகத் தெரியவில்லை; மறந்துவிட்டார்கள். 1971இல்தான் கலிஃபோர்னியாவில் ஜேனிஸ் யென், ரால்ஃப் பார் இருவரும் கொசுக்களுக்கு டெட்ராசைக்ளின் கொடுத்துப் பார்த்தார்கள். பாக்டீரியா செத்தது, ஒத்துப்போகாமையும் அதோடு போனது. லாவனின் மர்மப் பொருள் ஹெர்டிக்கின் பாக்டீரியாதான்.

இதன் வேலை எப்படி? பாக்டீரியா உள்ள ஆண், தன் விந்தணுவில் பாக்டீரியாவை அனுப்ப முடியாது. விந்தணுவில் இடம் இல்லை. ஆனால் விந்தணு உருவாகும்போதே அதில் ஒரு விஷக்குறியைப் பாக்டீரியா வைத்துவிடுகிறது. அந்த விந்தணு சேரும் முட்டையில் அதே வகை பாக்டீரியா இருந்தால் மாற்று மருந்து கிடைக்கும், கரு பிழைக்கும். இல்லாவிட்டால் கரு சாகும். விஷத்துக்கும் மாற்றுக்கும் காரணமான மரபணு ஜோடியை 2017இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன.

பாக்டீரியாவின் கோணத்தில் கணக்குப் போட்டால் எல்லாம் நேராகிவிடும். அதற்கு அடுத்த தலைமுறைக்குப் போக ஒரே வழி முட்டை. ஆண் உடம்புக்குள் மாட்டிக்கொண்ட பாக்டீரியாவுக்கு எதிர்காலம் கிடையாது, முட்டுச்சந்து. ஆனால் முட்டுச்சந்தில் நிற்பவனால் ஊரில் இருக்கும் தன் சகோதரிகளுக்கு உதவ முடியும். பாக்டீரியா இல்லாத பெண்களின் முட்டைகளைக் கொன்றால், பாக்டீரியா உள்ள பெண்களின் பங்கு கூடும். ஆண் கொசு இங்கே ஆயுதம்.

கூட்டத்தில் பாக்டீரியா உள்ளவை பத்துக்கு ஒன்று என்று வைப்போம். இல்லாத பெண்ணுக்கு அப்படிப்பட்ட ஆண் வாய்க்கும் வாய்ப்பும் பத்தில் ஒன்று, ஆக அவள் இழப்பு நூற்றுக்கு பத்து. பாக்டீரியாவைச் சுமப்பதால் வரும் பலவீனம் நூற்றுக்கு பதினைந்து என்றால், சுமப்பவள்தான் தோற்பாள், பாக்டீரியா மெல்ல மறையும். ஆனால் எப்படியாவது பங்கை இருபதுக்கு ஏற்றிவிட்டால் கணக்கு திரும்பிவிடும். அதற்கப்புறம் யாரும் தள்ள வேண்டாம், தானே நூறை நோக்கிப் போகும். சுவிட்ச் மாதிரி: பாதி தூரம் அழுத்தி விட்டால் திரும்பி வரும், அந்தப் புள்ளியைத் தாண்டினால் டப்பென்று விழும். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. ஆனால் பின்னால் சிலாங்கூரில் ஏன் மாதக்கணக்கில் கொசுவைத் திறந்துவிட்டார்கள், ஏன் பிறகு நிறுத்த முடிந்தது என்பதற்கு இந்தத் தர்க்கம்தான் காரணம்.

இப்போது வோல்பாகியாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மைட்டோகாண்ட்ரியாவை வையுங்கள். நம் உயிரணுக்களில் சக்தி தயாரிக்கும் உறுப்பு அது. ஒரு காலத்தில் சுதந்திரமாகத் திரிந்த பாக்டீரியா. அதற்கென்று தனி மரபணு உண்டு. தாயிடமிருந்து மட்டுமே வரும். விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியா முட்டைக்குள் நுழைந்தாலும் அழிக்கப்பட்டுவிடும். ஆக மைட்டோகாண்ட்ரியாவுக்கும் ஆண் ஒரு முட்டுச்சந்துதான். அதில் பெண்ணைப் பாதிக்கும் கோளாறு தோன்றினால் இயற்கைத் தேர்வு அதைக் களைந்துவிடும். ஆணை மட்டும் பாதிக்கும் கோளாறைக் களைய ஆளே இல்லை. அந்த ஆண் பிள்ளை பெறாமல் செத்தாலும் கோளாறுக்கு நஷ்டம் இல்லை. அது அவன் அக்கா தங்கைகள் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். 1996இல் ஃபிராங்க், ஹர்ஸ்ட் இருவரும் இதை மனித நோய்களோடு சேர்த்து எழுதினார்கள். 2004இல் ஜெம்மல் குழுவினர் இதற்கு ‘தாயின் சாபம்’ என்று பெயர் வைத்தார்கள். 2011இல் பழ ஈக்களில் சோதித்தபோது, மைட்டோகாண்ட்ரியா மாறுபாடு பெண்ணில் பெரிதாக எதையும் செய்யவில்லை. ஆணில், முக்கியமாக விதைப்பையில், நிறைய மரபணுக்களின் செயல்பாட்டைக் குழப்பியது.

இந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளைக்குச் சீக்கு என்றால் அது எப்போதும் அம்மா வீட்டுச் சொத்து. அத்தை அம்மாவிடம், “எல்லாம் உங்க வீட்டு ரத்தம், அண்ணி” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ குடிப்பார். அம்மா பதில் சொல்ல மாட்டார். அத்தை இந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தால் நெற்றியில் ஒட்டிக்கொள்வார். ஆனால் கோட்பாடு சொல்வது வேறு. இங்கே எந்தத் தாயும் எதையும் செய்யவில்லை. சாபம் என்றால் சபித்தவர் ஒருவர் வேண்டும். இங்கே நடப்பது தேர்வின் கண்ணில் ஆண் படாமல் போவது. ஒரு தரச் சோதனைக் கருவி ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால், மறுபக்கத்துக் கீறல்கள் தேறிப் போய்விடும். குற்றம் கருவியின் கோணத்தில்.

மனிதர்களில் இதற்குத் தெளிவான உதாரணம் கண் நோய் ஒன்று. 1871இல் தியோடர் லேபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தது. இளவயதில் திடீரென்று நடுப்பார்வை போய்விடும். பெண்களைவிட ஆண்களை அதிகம் தாக்கும். 1988இல் டக்ளஸ் வாலஸ் குழு இதற்குக் காரணமான மைட்டோகாண்ட்ரியா மாற்றம் ஒன்றைக் கண்டுபிடித்தது. இதன் வரலாறு கனடாவில் இருக்கிறது. பதினான்காம் லூயி மன்னன் 1663 முதல் 1673 வரை ஏறத்தாழ எண்ணூறு பெண்களைக் கியூபெக் குடியேற்றத்துக்கு அனுப்பினான். அங்கே ஆண்கள் நிறைய, பெண்கள் இல்லை. ‘ராஜாவின் மகள்கள்’ என்று அவர்களுக்குப் பெயர். அவர்களில் ஒருத்தி 1669இல் அங்கே திருமணம் செய்துகொண்டாள். இந்தக் கண்நோய் தரும் மாற்றங்களில் ஒன்று அவள் வழியாகத்தான் கியூபெக்கில் பரவியது. தேவாலயப் பதிவேடுகளில் தாய்க்குத் தாய் என்று மூன்று நூற்றாண்டு வரிசையைக் கட்டிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. அந்த மாற்றத்தைச் சுமந்த ஆண் குழந்தைகள் முதல் வயதுக்குள் கூடுதலாக இறந்திருக்கிறார்கள். பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனாலேயே மூன்று நூற்றாண்டாகியும் அது மறையவில்லை.

படிக்கும்போது நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த கப்பல்கள்தான் நினைவுக்கு வந்தன. 1931 கணக்கெடுப்பிலும் மலாயா இந்தியர்களில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. கங்காணி கூட்டி வந்த அந்தச் சொற்பப் பெண்களின் மைட்டோகாண்ட்ரியாதான் இன்று தோட்டத்துப் பரம்பரையில் வந்த நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது. வந்த ஆண்கள் எத்தனை லட்சமாக இருந்தாலும் அவர்களுடையதில் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. ஆனால் காகிதத்தில் எல்லாம் நேர்மாறு. என் அடையாள அட்டையில் என் பெயர், அப்புறம் ஏ/எல், அப்புறம் அப்பா பெயர். அப்பாவுடையதில் தாத்தா பெயர். இந்த வரிசையில் நான் நாலு தலைமுறை ஏறிவிடுவேன். அம்மா, அம்மாவின் அம்மா என்று ஏறினால் பாட்டியின் அம்மாவோடு நின்றுவிடுகிறது. பாட்டியிடம் கேட்டேன். “எங்கம்மாவோட அம்மா பேரா? ஆயான்னுதான் கூப்பிட்டோம். பேரு யாருக்கு வேணும் தம்பி” என்றார். கியூபெக் மாதிரி ஓர் ஆய்வு நம்மிடம் நடக்க வேண்டுமென்றால் தொலைந்திருப்பது அந்தப் பெயர்கள்தான்.

ஆண்கள் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. ஆணின் உட்கரு மரபணுக்களுக்கு எதிர்காலம் உண்டு. அவை தாய்வழிச் சரக்கை எதிர்க்கும். இதை விவசாயிகளுக்கு முன்பே தெரியும். நெல் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் பயிர், அதனால் கலப்பின விதை செய்வது கஷ்டம். 1970இல் சீனாவின் ஹைனான் தீவில் யுவான் லாங்பிங்கின் குழு மகரந்தம் மலடான ஒரு காட்டு நெல்லைக் கண்டுபிடித்தது. மலட்டுத்தன்மை தாய்வழி வந்தது, மைட்டோகாண்ட்ரியாவில் இருந்தது. அதை முறிக்கும் மரபணுக்கள் மற்ற நெல் ரகங்களின் உட்கருவில் இருந்தன. மலடான தாய், மலட்டை நீக்கும் தகப்பன் என்று ஜோடி சேர்த்துதான் கலப்பின நெல் உலகம் முழுக்கப் போனது. செகிஞ்சான் வயல்களில் செல்ஃபி எடுக்கப் போகும் நண்பர்களிடம் நெல்லுக்குள் நடக்கும் இந்தச் சண்டையைச் சொன்னால் கேட்கமாட்டார்கள். சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இதைவிட அழகான சாட்சி ஒரு வண்ணத்துப்பூச்சி. ஹைப்போலிம்னாஸ் போலினா. ஆண் கறுப்பாக, ஒவ்வோர் இறகிலும் நீலம் சூழ்ந்த வெள்ளைப் பொட்டோடு இருக்கும். இதற்குள் உள்ள வோல்பாகியா ஆண் கருக்களை முட்டையிலேயே கொன்றுவிடும். அப்போது முட்டுச்சந்தும் மிச்சம் இல்லை. 2001இல் சமோவாவின் சவாயீ தீவில் பார்த்தபோது நூற்றுக்கு ஒன்றுதான் ஆண். 2006க்குள் ஆண்கள் நூற்றுக்கு நாற்பதை நெருங்கிவிட்டன. பாக்டீரியா அப்படியே இருந்தது. ஆணைப் பிழைக்க வைக்கும் ஓர் உட்கரு மரபணு அங்கே பரவிவிட்டது, அதுவும் பத்துத் தலைமுறைக்குள். கண்ணால் பார்த்த மிக வேகமான பரிணாமங்களில் இதுவும் ஒன்று. தென்கிழக்கு ஆசியாவில், அதாவது நம் பக்கத்தில், இந்த யுத்தம் எப்போதோ முடிந்துவிட்டது. இங்கே ஆணும் பெண்ணும் சமம். பாக்டீரியா உள்ளே அமைதியாக இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் நம் பக்கத்துப் பூச்சியை அந்தப் பாதுகாப்பு இல்லாத தீவுப் பூச்சியோடு சில தலைமுறை கலந்தால், அதே பாக்டீரியா மறுபடி ஆண்களைக் கொல்ல ஆரம்பிக்கிறது. இன்னொன்றும் தெரிய வந்தது. கொல்ல முடியாமல் போன ஆண்களை அது ஓக்போ பாணியில் ஆயுதமாகப் பயன்படுத்துகிறது. ஒரு வழி அடைபட்டால் மறுவழி.

ஓக்போவுக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1969இல் உலகச் சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்கப் பண உதவியோடு டெல்லியில் கொசு மரபியல் கட்டுப்பாட்டுப் பிரிவு ஒன்றைத் தொடங்கின. லாவனின் உத்தியும் அங்கே போனது. 1974இல் பி.டி.ஐ செய்தி நிறுவனம் ஒரு கேள்வியை எழுப்பியது: டெல்லியில் பிரச்சினை மலேரியாவாக இருக்க, மஞ்சள் காய்ச்சல் பரப்பும் ஏடிஸ் கொசுமேல் ஏன் இவ்வளவு அக்கறை, இந்தத் தகவல் யாருக்குப் பயன்படும்? உயிரியல் ஆயுதம் என்ற பேச்சு நாடாளுமன்றக் கணக்குக் குழுவரை போனது. சோனிபட் நகரில் நடக்கவிருந்த பரிசோதனை நிறுத்தப்பட்டு, 1975இல் பிரிவே மூடப்பட்டது. அறிவியலாளர்கள் இதை வதந்தியால் செத்த நல்ல ஆய்வு என்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. ஊர் மக்களிடம் ஒழுங்காகச் சொல்லாமல் ஊருக்குள் எதையும் திறந்துவிட்டால், சந்தேகம் வராமல் என்ன வரும்.

நம் நாட்டிலும் 2010 டிசம்பரில் பகாங்கின் பெந்தோங் காட்டில் மரபணு மாற்றிய ஆறாயிரம் ஆண் ஏடிஸ்களைத் திறந்துவிட்டு, செய்தி பின்னால் வந்து சர்ச்சையானது. 2017இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வோல்பாகியாவோடு வந்தபோது குடியிருப்பாளர்களிடம் முதலில் பேசினார்கள். ஷா ஆலம் ஏழாவது செக்‌ஷன், மெந்தாரி கோர்ட், ஏ.யு.2 கெராமாட் போன்ற நெரிசலான அடுக்குமாடிகள். தோட்டம் துண்டாடப்பட்டபின் நம் ஆட்களில் பலர் போய்ச் சேர்ந்தது இந்த மாதிரி வீடுகளுக்குத்தான், டிங்கியும் அங்கேதான். சிங்கப்பூர் ஆண்களை மட்டும் விட்டுக் கொசுவைக் குறைக்கிறது. அது ஓக்போ வழி. சிலாங்கூரில் பெண்களையும் சேர்த்து விட்டார்கள். உள்ளூர் ஏடிஸ் முழுக்கப் பாக்டீரியா பரவட்டும், பரவினால் அதற்குள் டிங்கி வைரஸ் பெருகாது என்பது திட்டம். 2019இல் வெளியான முடிவின்படி அந்த இடங்களில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்தது.

அங்கே விட்ட பாக்டீரியா ரகம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் நம் தோட்டத்துக்கே வந்து சேர்கிறோம். ஏடிஸ் எஜிப்டையில் இயற்கையாக வோல்பாகியா கிடையாது. வெயில் தாங்கும் என்று தேர்ந்தெடுத்த ரகம் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவினுடையது. 2005இல் கெண்டக்கிப் பல்கலைக்கழகத்தில் அந்த ரகத்தை முதன்முதலாக எஜிப்டைக்கு மாற்றினார்கள். அல்போபிக்டஸ் தென்கிழக்கு ஆசியக் காட்டுக் கொசு. கித்தாக் காட்டில் பால் எடுக்காத மங்குகளில் மழைநீர் நின்றால் அதில் வளர்வது இதுதான். காலையில் பால் வெட்டப் போன பாட்டிகளைக் கடித்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

பாக்டீரியா ஏற்றிய பெண்களை அப்படியே கொண்டுவந்து விடவில்லை. உள்ளூர் ஆண்களோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து, உட்கருவை முழுக்க உள்ளூராக்கிய பிறகுதான் விட்டார்கள். இங்குள்ள கொசு நம் புகைமருந்துக்கு ஏற்கெனவே பழகிவிட்டது. பழகாத கொசுவை விட்டால் முதல் புகையிலேயே செத்துவிடும். லாவன் ஜெர்மனியில் செய்த அதே வேலை. தாய்வழி ஒன்று, மற்றதெல்லாம் ஷா ஆலம். அந்த ஆண்களின் உட்கருவுக்குள் சமோவாவில் நடந்தது மாதிரி ஏதாவது நடக்குமா என்று இப்போது சோதனை வலைகளில் மாட்டும் கொசுக்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.